வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி

மன்னார்த் தீவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், அதில் என் பங்கும் இருக்கிறது. மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சாமான்கடைக்கு மேலே உள்ள அறையில் இருந்து வீட்டுப்படம் கீறிக் கொடுப்பதுதான் என் தொழில். முன்னுக்கு விறாந்தை, நடுவில் ஹோல், பக்கத்துக்கு ஓர் அறை, பின்னுக்குக் குசினி. ஆள் மாறினால் அறையை வலமிருந்து இடத்துக்கு மாற்றுவேன். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர் என்றால் விறாந்தைத் தூணை உருண்டையாக்குவேன். என்னிடம் வீட்டுப்படம் வாங்கிய ஒருவர் கொழும்பிலிருந்து களைத்து வந்து, தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "தேத்தண்ணி போடும்" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னாராம். அந்த வீட்டுப் படமும் நான் கீறியதுதான். தேத்தண்ணியும் வந்ததாம். கதையில் எனக்குப் பிடித்த இடம் அது.

இப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அறை கட்டினேன். ஊர் அதை இன்னும் பேசுகிறது. ஊர் சொல்வதில் பாதி உண்மை என்பதால் மீதியை நானே எழுதிவிடுவது நல்லது.

காரணம் என் மனைவி. அவள் தைக்கிறவள். பேசாலையிலும் அதைச் சுற்றியுள்ள கரையிலும் முதன்முதலாக நற்கருணை எடுக்கிற, எங்கள் பேச்சில் முதல்நன்மை வாங்குகிற பெண்பிள்ளைகள் கோயிலுக்குள் வரிசையாகப் போகும்போது நீங்கள் பார்க்கிற வெள்ளைச் சட்டைகளில் நிறைய அவளுடையவை. சட்டை தைப்பது பெரிய வேலையில்லை என்பாள். அதன் நெஞ்சில் வெள்ளைப் பட்டுநூலால் முந்திரிகைக் குலையும், அதாவது திராட்சையும், கோதுமைக் கதிரும் போடுவதுதான் வேலை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டுமே தெரியும். "தெரியாத பூவை ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் போடுறீர்?" என்று ஒருமுறை கேட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறும் சொதியும்தான் கிடைத்தது. மீன் பொரியலை அவள் என் கண்முன்னால் பூனைக்குப் போட்டாள்.

அந்த வெள்ளைக்குமேல் வெள்ளைதான் அவளுடைய கண்ணுக்கு வினையாக வந்தது. அவள் தைக்கிற நடு அறைக்கு ஒரே ஒரு யன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில். (படம் கீறியது யார் என்று கேட்காதீர்கள்.) பகலிலும் ட்யூப் லைற் எரியவேண்டும். பூ கோணத் தொடங்கியது. பிரித்துத் தைத்தாள், மறுபடியும் கோணியது. ஆஸ்பத்திரியில் கண் பார்த்த டாக்குத்தர் மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, "வெள்ளையிலை வெள்ளை தைக்கிறதெண்டா பகல் வெளிச்சத்திலை தையுங்கோ அம்மா. இல்லாட்டி விடுங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள்: "இந்த முறைக்கு ஓடர் எடுத்துப்போட்டன். இதை எப்பிடியும் முடிச்சுக் குடுப்பன். பிறகு மெசினை ஆருக்கும் குடுத்துப்போட்டுச் சும்மா இருக்கிறன்."

அவள் சத்தம் போட்டுச் சொன்னால் நான் பயப்படுவதில்லை. இதைச் சோறு பரிமாறுகிற குரலில் சொன்னாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சும்மா இருந்து நான் கண்டதில்லை. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூட முன்னுக்கு இருக்கிறவளின் சட்டைத் தையலைக் கண்ணால் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பாள். சும்மா இருக்கப்போகிறாளாம்.

விறாந்தையில் வைத்துத் தைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தீவின் வடக்குக் கரைக்கு வந்து ஒரு வாடைக்காற்றைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். காற்று மணலை உப்போடு குழைத்து எறியும். வெள்ளைத்துணி பின்னேரத்துக்குள் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். காற்றில்லாத காலத்தில் ஆடு வரும். ஒரு வருசம் ஆடு ஒன்று வந்து ஒரு சட்டையின் கையைத் தின்றுவிட்டுப் போனது. இப்போது இதுதான் புது மொடல் என்று அந்தத் தாய்க்கு நான் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையில் ஆடு நல்லதென்று தோன்றியது.

ஆகவே வேண்டியது வெளிச்சம் உள்ளே வருகிற, மணலும் ஆடும் வராத ஓர் அறை. அதாவது கண்ணாடி.

கைத்தொலைபேசியில் வெளிநாட்டு வீடுகளைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. மலைக்கு நடுவில் கண்ணாடி வீடு, காட்டுக்கு நடுவில் கண்ணாடி வீடு. வெளி எங்கே முடிகிறது, உள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒருவரும் உள்ளே மீன் பொரிப்பதாகவும் தெரியாது. அதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கலைஞன் வளர்ந்துகொண்டிருந்தான். இவ்வளவு காலமும் அவனுக்குச் சோறு போட்டேனே தவிர வேலை கொடுத்ததில்லை. இப்போது கொடுத்தேன்.

எங்கள் வீடு கடலைப் பார்த்த வீடு. முன்னுக்கு ஆளும் வாகனமும் போகிற ஓர் ஒழுங்கை, ஒழுங்கைக்கு அப்பால் அடம்பன் கொடி படர்ந்த மணல், பிறகு வலித்து ஏற்றிய வள்ளங்கள், பிறகு கடல். கடல் வடக்கில். வடக்கு வெளிச்சம் நல்ல பிள்ளை. கண்ணில் குத்தாது, தரையில் நிழல் விழுத்தாது, காலையிலிருந்து மாலைவரை ஏறக்குறைய ஒரே குணத்தோடு நிற்கும். விறாந்தையின் ஒரு பக்கத்தை ஒழுங்கைவரை நீட்டினேன். வடக்குப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை முழுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பாதிக்குமேல் கண்ணாடி. சூடு தங்காமல் இருக்க மேலே கூரையோடு ஒட்டிக் காற்றுத்துளை விட்டு வலை அடித்தேன். தாழ்வாரத்தை நன்றாக வெளியே இழுத்தேன். மாரியில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் என்பதால் அத்திவாரத்தை உயர்த்திப் படி வைத்தேன். கதிரையில் இருந்தால் கடல் முடிகிற கோடு சரியாகக் கண்மட்டத்தில் வரவேண்டும் என்று, மேசைக் கதிரையை மணலில் போட்டு மனைவியை இருத்தி, நூல் பிடித்துப் பார்த்தேன்.

"இது என்னத்துக்கு?" என்றாள்.

"தைச்சுக்கொண்டு நிமிந்தா கடல் தெரியவேணும். வள்ளம் வாறது தெரியவேணும். ஆலாப் பறவை இறங்கிறது தெரியவேணும். உள்ளுக்கு இருந்தாலும் நீர் வெளியிலை இருக்கிற மாதிரி."

"நிமிந்தா ஊசி குத்தும்" என்றாள்.

கலைஞர்கள் இப்படியான பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. கடலுக்கும் அறைக்கும் நடுவில் எங்கள் பனையோலை வேலி. எங்கள் ஆட்கள் காணி வாங்கினால் கிணறு வெட்டுவதற்கு முன் வேலி அடைப்பார்கள். நான் அதைப் பிடுங்கினேன். பிடுங்கிய அன்றுதான் என் மனைவியின் அண்ணன் வந்தார். வள்ளமும் வலையும் வைத்திருக்கிற மனிசன்; இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்; வேலி இருந்த இடத்தில் நின்று உள்ளே பார்த்தார்.

"மச்சான், வேலியைப் பிடுங்கிப்போட்டுக் கண்ணாடி வைக்கிறவனை இப்பதான் பாக்கிறன். இனிக் குளிக்கிறதும் சந்தியிலையோ?"

"இது தையல் அறை மச்சான்."

"தையல் அறையோ? மேலை வலை, சுத்திவரக் கண்ணாடி. என்ரை தங்கச்சியைக் கருவாடு போடப்போறியோ எண்டு நினைச்சன்."

"காத்துத்துளை விட்டிருக்கு, பாருங்கோ."

"கருவாட்டுக்கும் காத்து வேணும்தான்."

அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் லொறியில் வந்தன. பொருத்தி முடித்துத் துடைத்த அன்று முதல் விருந்தாளியாக ஒரு கழுதை வந்தது. கண்ணாடியில் தன்னைக் கண்டது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிடிக்கவில்லை, போய்விட்டது. அந்த நேர்மை எனக்கு இல்லை. நான் அதே கண்ணாடியில் என்னைக் கண்டு தலைமயிரை ஒதுக்கிக்கொண்டேன். தூண்களுக்கு வெள்ளை அடித்தேன். அடியில் கடலின் நிறத்தில் ஒரு நீலக் கோடு இழுத்தேன். தூர நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. பிழை அழகில் இல்லை.

மனைவி மெசினைக் கொண்டுவந்து கடலைப் பார்த்து வைத்தாள். பக்கத்தில் அளவு பார்க்கிற உடம்புப் பொம்மை. அதற்குத் தலை கிடையாது. தலைக்குப் போடுகிற நெட் எப்படி விழுகிறது என்று பார்க்க அவள் கழுத்தில் ஒரு மண் தயிர்முட்டியைக் கவிழ்த்து வைப்பாள். அன்று வெள்ளைச் சட்டை, வெள்ளை நெட், இடுப்புக்கு நீலப் பட்டி. அந்த வெளிச்சத்தில் முந்திரிகைக் குலை ஒழுங்கையிலிருந்தே தெரிந்தது. மத்தியானம் என் தட்டில் மீன் பொரியல் இரண்டு துண்டு விழுந்தது.

பின்னேரம் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டியவர் எங்களுக்கு நேரே வந்ததும் ஒரு கையை விட்டு நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார். யாருக்கோ வருத்தமாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஓட்டோ ஒன்று மெதுவாகியது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் போட்டார்கள். பிறகு கடலுக்குப் போகிற பெடியள் சிரித்துக் கதைத்துக்கொண்டே வந்து, எங்கள் படிக்கு நேரே வந்ததும் கதையை நிறுத்தி, போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் கரையில் சந்திக்குச் சந்தி ஒரு சுருவக்கூடு இருக்கும். உயர்ந்த பீடம், ஏறப் படி, வெள்ளைத் தூண், மேலே சின்னக் கூரை, முன்னுக்குக் கண்ணாடி, உள்ளே மாதா. அதைக் கடக்கும்போது கத்தோலிக்கனுடைய கை தானாக நெற்றிக்குப் போகும். தலை யோசித்து முடிப்பதற்குள் கை தன் வேலையை முடித்துவிடும். நான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து, நூல் பிடித்து, கண்மட்டம் பார்த்து, கடைசியில் நான் பிறந்த நாள்முதல் கண்ட ஒன்றைத்தான் கட்டியிருந்தேன். ஊர் என் தயிர்முட்டிக்குச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தது.

மச்சான் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மேலை ஒரு குருசு வைச்சா வேலை முடிஞ்சுது மச்சான். உண்டியல் நான் செய்து தாறன்."

பொம்மையை உள்ளே தூக்கினேன். அதோடு சரியாகும் என்று நினைத்தேன். ஆனால் பொம்மை போன இடத்தில் மனைவி இருந்தாளே. கடலைப் பார்த்து, அசையாமல், குனிந்த தலையோடு, மடியில் வெள்ளைத்துணியோடு. பழகிய கைகள் பழகியபடியே உயர்ந்தன. ஒருமுறை ஒரு மனிசி நின்று, கண்ணை மூடி, உதடு அசைய முழுதாக ஒரு மன்றாட்டே சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். வாய்நிறையக் குண்டூசியோடு என் மனைவி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுபேரும் ஒரே நேரத்தில் கத்திக் குழறினார்கள். குண்டூசியோடு குழறுவது லேசான காரியமில்லை.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"மனிசருக்குச் சிலுவை போடுறது எவ்வளவு பாவம் தெரியுமோ? அவை தெரியாமல் போடுகினம். நான் தெரிஞ்சுகொண்டு எல்லோ இருக்கிறன். ஒரு பூவுக்கு நடுவிலை எத்தினைபேர்! ஊசி பிழைச்சுப் போகுது."

"பாராமல் தையுமன்."

"முன்னுக்கு நிண்டு கும்பிடுகினம், எப்பிடிப் பாராமல் இருக்கிறது? நீங்கள் கட்டினனீங்கள், நீங்கள் இருங்கோ!"

மெசினை இழுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போய்விட்டாள். ட்யூப் லைற் திரும்பவும் எரிந்தது. பூ திரும்பவும் கோணியது. கத்தரிக்கோல் முனையால் தையல் பிரிக்கிற 'டிக், டிக்' சத்தம் எனக்கு ஹோலில் கேட்கும். தவக்காலம் ஓடிக்கொண்டிருந்தது, உயிர்த்த ஞாயிறான பாஸ்கு முடிந்தால் முதல்நன்மை. தாய்மார் வந்து, "அக்கா, எந்தளவிலை நிக்குது?" என்று கேட்டால், "நடக்குது, நடக்குது" என்பாள். அவர்கள் போனபிறகு மெசின் மூடியைத் தடவிக்கொண்டு நிற்பாள். மெசினை ஆருக்குக் கொடுக்கலாம் என்று அவள் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

படம் கீறுகிறவனுக்குக் கட்டியது பிழைத்தால் முதலில் வருகிற மருந்து திரைச்சீலை. ஒருநாள் அவள் பூசைக்குப் போயிருந்த நேரம் அலுமாரியைத் திறந்தேன். கண்ணாடி முழுவதையும் மூடுகிற அளவுக்கு ஒரே ஒரு துணிதான் இருந்தது. கோயில் வேலைக்கு வாங்கி மிஞ்சிய ஊதாத் துணி. மூடினேன். ஒழுங்கையில் போகிறவன் உள்ளே பார்க்கமுடியாது. மேலே ஒரு சாண் விட்டதால் வெளிச்சம் கொஞ்சம் வரும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு மன்னாருக்கு வேலைக்குப் போனேன்.

பாஸ்குக்கு முந்திய கிழமைகளில் எங்கள் கோயில்களில் எல்லாச் சுருவங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள் என்பதை நீங்கள் மறந்திருந்தால் மன்னிக்கலாம். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிற நான் மறந்ததற்குத்தான் மன்னிப்பில்லை.

பின்னேரம் திரும்பி வந்தபோது படியில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு போத்தலில் பூ. அடுத்த தெருப் பெண் ஒருத்தி முழந்தாளிலிருந்து எழும்பி, மணலைத் தட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "அண்ணை, உள்ளுக்கு மாதாவோ, அந்தோனியாரோ?"

"ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி. தையல் அறை."

"ஓமோம், துணியை எடுத்தபிறகு பாப்பம்" என்றாள், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு. இவ்வளவு காலமும் பகிடி விட்டுத் திரிந்த மனிசன் ஒருநாள் உண்மை சொன்னால் இதுதான் கதி.

என் மனைவி மெழுகுதிரியைக் கண்டதும் வாயில் கைவைத்தாள். மறுநாளே பங்குச் சுவாமியாரிடம் சொல்லிவிட்டாள். அவர் தன் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒழுங்கையின் அந்தப் பக்கம் நின்று பார்த்தார், இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பிறகு என் வெள்ளைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"இதை நீங்களோ கட்டினீங்கள்?"

"ஓம் சுவாமி. குறை நினைக்காதேங்கோ."

"குறையோ? எங்கடை கோயில் வளவுக்கு மாதாவை வைக்க ஒரு கெபி கட்டவேணும் எண்டு எத்தினை நாளா யோசிக்கிறன். நீங்கள் படம் கீறித் தாங்கோ."

என் வாழ்க்கையில் ஒருவர் என் கட்டிடம் ஒன்றைப் பார்த்து, அதற்காகவே இன்னொன்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என் மனைவியைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அவள் சுவாமியாருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு இருட்டறைக்குள் போய் லைற்றைப் போட்டாள். டிக், டிக். பெருமை அந்தச் சத்தத்தில் தானாக அடங்கியது. ஊருக்குக் கெபி கட்டிக் கொடுக்கலாம். வீட்டிலிருக்கிற ஒருத்திக்கு வெளிச்சம் கொடுக்கத் தெரியாவிட்டால் நான் என்ன படம் கீறுகிறவன்?

அடுத்த நாள் அவள் சட்டை ஒன்றின் அளவைச் சரிபார்க்கப் பேசாலைக்குப் போனாள். நான் வேலைக்குப் போகவில்லை. ஊதாத் துணியைக் கழற்றினேன். மெசினைத் திரும்பவும் இழுத்து வந்து பழைய இடத்தில் வைத்தேன். இரும்புக் கால் மெசின், இடுப்பு என்னை விட்டுப் போகப் பார்த்தது. அவள் சொன்னபடி நானே இருந்து பார்ப்பது என்று முடிவு. அவள் பாதி போட்ட பூவை மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து, அசையாமல் இருந்தேன். கடல்கோடு கண்மட்டத்தில் இருந்தது. வள்ளம் தெரிந்தது. ஆலா இறங்கியது. எல்லாம் படத்தில் கீறியபடி. மடியிலிருந்த பூ மட்டும் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் முழுக்க என் முகத்தில் விழ, துணி என் பக்கம் நிழலில் கிடந்தது.

அப்போது மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய வியாபாரி ஒருவர் வந்தார். வேகத்தைக் குறைத்தார். கை நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு இறங்கியது. இடத்தோளுக்குப் போகிற வழியில் என் மீசையைக் கண்டுவிட்டார். கை அந்தரத்தில் நின்றது.

"அட, நீங்களே!" என்று கத்தினார். "திருப்பித் தாங்கோ ஐசே, போட்டதை!"

போகும்வழி முழுக்க அவர் சிரித்தது கேட்டது. பேசாலைச் சந்தையில் அன்றைக்கு மீனைவிட இந்தக் கதைதான் விலைப்பட்டிருக்கும். எனக்கு முகத்தை வைக்க இடமில்லை. சொல்வழக்குக்குச் சொல்லவில்லை, சுற்றிவரக் கண்ணாடி, உண்மையிலேயே முகத்தை வைக்க இடமில்லை. கடைசியில் வெட்கத்தில் கதிரையை மெசினோடு சேர்த்துச் சுற்றிவைத்து, ஒழுங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

இருந்துவிட்டு மடியைப் பார்த்தேன்.

வெளிச்சம் என் இடத்தோளுக்கு மேலாக வந்து நேரே துணியில் விழுந்துகொண்டிருந்தது. வடக்கு முழுவதும், கடலில் பட்டுத் தெறித்ததும் சேர்ந்து. வெள்ளைக்குமேல் வெள்ளை. ஒவ்வொரு பழமும் உருண்டு நின்றது. எந்தத் தையல் நேர், எந்தத் தையல் கோணல் என்று என்னைப்போன்ற ஆளுக்கே தெரிந்தது. இத்தனை வருசத்தில் அந்தக் குலையைத் தையல் தையலாக நான் முதல்முறையாகப் பார்த்தேன். மீன் பொரியல் பூனைக்குப் போனது நியாயம்தான்.

நான் கடலைக் காட்டுவதற்காகக் கட்டியிருந்தேன். அவள் கேட்டது துணியைக் காண. எத்தனையோ படம் கீறியும், அதில் ஒன்றிலாவது கதிரையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் கடலுக்கு முதுகைக் காட்டுகிற வீட்டை எந்த வெளிநாட்டுக்காரனும் படம்பிடித்துப் போட்டதில்லை.

அவள் வந்தாள். வாசலில் நின்று மெசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது என்ன கூத்து?"

"வாரும், இரும்."

"முதுகைக் காட்டிக்கொண்டோ? ரோட்டுக்கு?"

"முதுகைப் பாத்து எவன் சிலுவை போடுவான்? போட்டாலும் உமக்குத் தெரியப்போகுதோ?"

அவள் யோசித்தாள். பாவம் எந்தப் பக்கத்தால் வரும் என்று கணக்குப் பார்த்திருப்பாள். "நான் காணாட்டி எனக்குப் பாவமில்லைத்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். சுவாமியாரிடம் இதைக் கேட்டு உறுதிப்படுத்தவேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்துவிட்டு, இந்த ஒருமுறையாவது வாயை மூடிக்கொண்டேன்.

இருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினாள், பிறகு மேலே ஏற்றினாள். பூவைக் கிட்டப் பிடித்தாள். விரலால் ஒரு கோதுமைக் கதிரைத் தடவி, "இது கோணல்" என்றாள். இன்னொன்றைத் தடவினாள். "இதும்." கத்தரிக்கோலை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். நான் ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. என் மனைவி எனக்குப் பதில் சொல்லாத நேரம் இரண்டுதான்: ஒன்று கோபம், மற்றது வேலை. கோபமென்றால் பாத்திரம் சத்தம் போடும். இங்கே மெசின் மட்டும் சத்தம் போட்டது.

பின்னேரம் மச்சான் ஒழுங்கையால் வந்தார். "தங்கச்சி, என்னோடை கோவமோ? முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாய்!"

"வேலை அண்ணா" என்றாள், திரும்பாமல்.

மச்சான் என்னைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு கண்ணாடியும் கடலும் ஆருக்கு மச்சான்?"

"முதுகுக்கு" என்றேன். பதில் நன்றாக இருந்தது என்று எனக்கே பட்டது.

பாஸ்கு வந்து போனது. ஊர் மெல்ல மெல்லக் கையை நிறுத்தியது. சிலர் இன்னும் போடுகிறார்கள். பழக்கம் அப்படி, மறியலில் போட்டா நிறுத்துவது? நான் வெளியில் நின்றால் எத்தனைபேர் போட்டார்கள் என்று வந்து சொல்லிப் பகிடி பண்ண ஆசைப்படுவேன். "எனக்குச் சொல்லாதேங்கோ, நான் காணயில்லை" என்று காதைப் பொத்துவாள். முதல்நன்மை ஞாயிறுக்குச் சட்டைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. கோயிலில் பிள்ளைகள் வரிசையாகப் போனபோது நான் கிட்டப் போய் நெஞ்சுப் பூவைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றதில், ஒரு தகப்பன் என்னை முறைத்தார்.

சட்டைகள் போன அடுத்த கிழமை மெசின் மேல் மூடி போட்டிருந்தது. மூடி போட்ட மெசினைக் கண்டால் எனக்குக் கதை கேட்கப் பயம். கேட்கவில்லை. கெபிப் படத்தைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போனேன். சுவாமியார் சொன்ன ஒரே திருத்தம், உள்ளே ஆள் இருக்கக் கதிரை வேண்டாம் என்பது.

பின்னேரம் வந்து ஒழுங்கையில் இறங்கியபோது கண்ணாடிக்குள் ஆட்கள் தெரிந்தார்கள். போன வாரம் சட்டை வாங்கிப்போன ஒரு தாய். பக்கத்தில் முதல்நன்மை வாங்கியவளின் தங்கச்சி, அடுத்த முறைக்குரியவள். என் மனைவி முழந்தாளில் இருந்து அந்தச் சின்னதின் தோளில் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மெதுவான கதையை வெளியே விடாது. வாய் அசைவதுதான் தெரிந்தது. பிள்ளை வளரும், இப்போது எடுக்கிற அளவு உதவாது, எண்டாலும் எடுப்பம் என்று சொல்லியிருப்பாள். நான் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறாள் என்று நான் முகத்தை ஆயத்தமாக்கினேன். அவள் அளவுநாடா பிடித்த கையை உயர்த்தி, தள்ளு தள்ளு என்று காட்டினாள். வாயசைவு இந்த முறை நன்றாகத் தெரிந்தது.

"வெளிச்சத்தை மறைக்காதேங்கோ!"

நான் தள்ளி நின்றேன்.